வாசலும் பந்தியும்

வேதபாடம்: லூக்கா 19:1–10, 1 கொரிந்தியர் 5:9–13, 11:17–34

அறுப்பின் பண்டிகை நாளில் கிராமச் சபைகளின் ஆலய முன்றலைப் பார்த்தவர்கள் அறிவார்கள். வாழைக்குலை, பூசணி, நெல் மூடை, தேங்காய், கால் கட்டிய சேவல் எல்லாம் ஒன்றாய்க் குவிந்திருக்கும். ஆராதனை முடிந்ததும் ஏலம் நடக்கும். குளத்தை நம்பி வாழும் ஒரு கிராமத்தின் சிறிய சபையில், சில வருடங்களுக்கு முன் அப்படியான ஒரு நாளில் நடந்ததை வைத்தே இப்பாடத்தைத் தொடங்குகிறோம்.

அதுவரை ஆலய வாசலை மிதியாத ஒருவர் அன்று சைக்கிளில் அரை மூடை நெல்லைக் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். அவருடைய மனைவி நெடுங்காலமாக ஆராதனைக்கு வருபவர். அவரோ காட்டோரத்தில் கசிப்புக் காய்ச்சி விற்பவர். அது ஊரறிந்த விடயம். மூப்பர் ஒருவர் போதகரின் காதோரம் வந்து, "கசிப்புக் காசில வந்த நெல்லை ஆண்டவருக்குப் படைக்கலாமோ, ஐயா?" என்று கேட்டார். போதகர் பதில் சொல்லாமல் நெல்லை வாங்கி மற்றவற்றோடு வைத்தார். ஏலத்தில் அந்த நெல்லை எடுத்தவர் சபையின் பொருளாளர். ஊரில் நூற்றுக்குப் பத்து மாத வட்டிக்குக் காசு கொடுப்பவரும் அவரே. அவருடைய காசு எங்கிருந்து வந்ததென்று எவரும் எவருடைய காதிலும் கேட்கவில்லை.

அடுத்து வந்த சபைக் கூட்டத்தில் இரண்டு பேச்சுகள் எழுந்தன. சபை பாவிகளுக்கான வைத்தியசாலை, யாரையும் கேள்வி கேட்காமல் சேர்க்க வேண்டும் என்றனர் சிலர். ஆலயம் சந்தையல்ல, பரிசுத்தம் கெட்டால் சபையே கெடும் என்றனர் வேறு சிலர். இவ்விரு பேச்சுகளையும் நாம் வேலை செய்த அநேக சபைகளில் கேட்டிருக்கிறோம். இரண்டுக்கும் வேதத்தில் ஆதாரம் உண்டு. ஆனால், இரண்டையும் பேசுகிறவர்கள் வாசலில் நிற்கிற அந்த ஒருவரைப் பற்றி மட்டுமே பேசுகிறார்கள். ஏற்கெனவே உள்ளே இருக்கும் நம்மைப் பற்றி இரு பகுதியாரும் பேசுவதில்லை.

சகேயுவின் வீட்டுப் பந்தி

எரிகோவில் சகேயு ஆயக்காரருக்குத் தலைவன். வரி, சுங்கம் அறவிடும் உரிமையைக் குத்தகைக்கு எடுப்பது அக்கால வழக்கம். இன்று நம்மூர்ச் சந்தையைக் குத்தகைக்கு எடுப்பது போன்றதே அது. கட்டிய குத்தகைக்கு மேல் பறித்ததெல்லாம் ஆதாயம். இப்படிப்பட்டவனை இயேசு பெயர் சொல்லி அழைத்து, அவன் வீட்டில் தங்கப் போவதாகச் சொல்கிறார். நிபந்தனை எதுவும் வைக்கவில்லை. அவன் மனந்திரும்பியதை முதலில் விசாரிக்கவும் இல்லை. ஜனங்கள் முறுமுறுத்தார்கள் என்று 7ஆம் வசனம் கூறுகிறது. நமது மூப்பரின் கேள்வி அங்கேயே பிறந்துவிட்டது.

ஆனால், கதை 7ஆம் வசனத்தோடு முடியவில்லை. ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்புவதாகவும் சகேயு சொல்கிறான். ஏமாற்றி எடுத்ததை ஒப்புக்கொண்டு திருப்புகிறவன் முதலோடு ஐந்திலொரு பங்கைக் கூட்டிக் கொடுத்தால் போதும் என்பதே நியாயப்பிரமாணம் (லேவியராகமம் 6:1–5). நாலத்தனை என்பது ஆட்டைத் திருடி அடித்தவனுக்கோ விற்றவனுக்கோ உரிய தண்டம் (யாத்திராகமம் 22:1). சகேயு ஆட்டுக்கள்ளனுக்குரிய தண்டத்தைத் தானே தன்மேல் விதித்துக்கொண்டான். இப்படிச் செய்யும்படி இயேசு அவனிடம் சொன்னதாக லூக்கா எழுதவில்லை.

இங்கே ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும். இயேசு சகேயுவை ஏற்றுக்கொண்டதோடு காரியம் முடிந்திருந்தால், சகேயுவுக்குச் சந்தோஷம். அவனால் பறிகொடுத்த விதவைக்கும் கமக்காரனுக்கும் என்ன கிடைத்திருக்கும்? அழைப்பில்லாத வரவேற்பின் செலவை வேறு யாரோ கட்ட வேண்டியிருக்கிறது. கசிப்புக் காய்ச்சுகிறவர் வந்து அமர்கிற அதே ஆலயத்தில், அந்தக் கசிப்பைக் குடித்துவிட்டு வரும் புருஷனிடம் அடிபடுகிற மனைவியும் அமர்ந்திருக்கிறாள். அவளைப் பாராமல் அவரை மட்டும் தழுவிக்கொள்வது அன்பாகாது. வன்முறை செய்தவர்கள், சிறுவருக்குத் தீங்கு செய்தவர்கள் விடயத்தில் இது இன்னும் பாரதூரமானது. பாதிக்கப்பட்டவரின் பாதுகாப்பை முதலில் உறுதிசெய்யாமல், மன்னிப்பின் பேரால் அப்படிப்பட்டவரைச் சிறுவர் நடுவே விடுவதற்கு எந்தச் சபைக்கும் உரிமை இல்லை.

பவுல் எழுதிய பட்டியல்

கொரிந்து சபையில் ஒருவன் தன் தகப்பனுடைய மனைவியை வைத்திருந்தான். அவனைச் சபையிலிருந்து நீக்கும்படி பவுல் எழுதுகிறார். கடுமையானவர்களுக்குப் பிடித்த அதிகாரம் இது. ஆனால், 10ஆம், 11ஆம் வசனங்களை மெதுவாக வாசிக்க வேண்டும். வெளியில் உள்ளவர்களைப் பற்றி நான் சொல்லவில்லை, அப்படியானால் நீங்கள் உலகத்தைவிட்டே போகவேண்டும் என்ற கருத்தில் பவுல் எழுதுகிறார். அவர் கண்டிப்பது சகோதரன் என்று பெயர் பெற்றவனை. அந்தப் பட்டியலில் வேசித்தனம் செய்கிறவனோடும் குடிகாரனோடும் ஒரே வரிசையில் பொருளாசைக்காரனும், பழிதூற்றுகிறவனும், பறித்துக்கொள்கிறவனும் நிற்கிறார்கள். நமது சபைகள் இந்தப் பட்டியலில் முதலாவதையும் குடியையும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட்டன. பதிவுத் திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழும் கூலிக் குடும்பத்தைத் திருவிருந்துக்கு வரவிடாத சபைகள் உண்டு. சீதனம் பேசிக் கறந்தவரையோ, அடுத்த காணிக்குள் வேலியைத் தள்ளிப்போட்டவரையோ அப்படி நிறுத்திய சபையை நாம் இதுவரை காணவில்லை.

அபாத்திரமாய்ப் போஜனபானம் பண்ணுவது பற்றிய 11ஆம் அதிகாரமும் இவ்வாறே திரித்து வாசிக்கப்படுகிறது. குடித்தவனை மேசைக்கு வராமல் தடுக்க அந்த வசனத்தை எடுக்கிறோம். பவுல் கோபித்தது எதற்காக? வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டு, குடித்து வெறித்திருக்க, இல்லாதவன் பசியோடு இருந்தான். இல்லாதவர்களை வெட்கப்படுத்தியதே அங்கே அபாத்திரம். சாதி பார்த்து ஒருவருக்கு வாங்கும் மற்றவருக்குப் பாயும் போட்ட காலம் நம்மவர் ஆலயங்களுக்கும் உண்டு. அக்காலத்தில் அந்த மேசையில் அபாத்திரமாய் இருந்தவர்கள் பாயில் இருந்தவர்கள் அல்லர்.

நீக்கச் சொன்ன அதே பவுல், சபையாரால் தண்டிக்கப்பட்ட ஒருவனைப் பற்றி இரண்டாம் நிருபத்தில் எழுதும்போது, அவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடி மன்னித்து ஆறுதல் செய்யச் சொல்கிறார் (2 கொரிந்தியர் 2:5–8). இருவரும் ஒரே மனிதர்தானா என்பதில் வேதபண்டிதர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எப்படியாயினும், நீக்குவது மட்டும் தெரிந்து, திரும்பச் சேர்ப்பதற்கு வழி வைக்காத ஒழுங்கை அவர் அறியவில்லை.

பன்னிரண்டு பேர் கொண்ட வகுப்பு

சரித்திரத்தில் இதற்கு ஒரு நல்ல உதாரணம் நம் கைக்கெட்டும் தூரத்தில் உண்டு. 1814இல் இலங்கைக்கு வந்து, அதே வருடத்தில் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் ஊழியம் தொடங்கிய மெதடிஸ்த மிஷனரிமார் தங்களோடு கொண்டுவந்த மரபு அது. தொடங்கிய இடமோ ஒரு கடன் கணக்கு.

1742ஆம் ஆண்டு பெப்ரவரியில், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் யோன் வெஸ்லியின் சங்கத்தார் தங்கள் கூட்ட மண்டபக் கடனைத் தீர்க்கக் கூடிப் பேசினார்கள். ஆளுக்குக் கிழமைக்கு ஒரு பென்னி என்று முடிவாயிற்று. ஏழைகளால் கொடுக்க முடியாதே என்றார் ஒருவர். கப்டன் ஃபோய் என்பவர், ஆகவும் ஏழைகளான பதினொரு பேரைத் தம்மிடம் தரும்படியும், கிழமைதோறும் அவர்களைச் சந்திப்பதாகவும், அவர்களால் முடியாவிட்டால் அவர்களுக்காகத் தாமே கட்டுவதாகவும் சொன்னார். இப்படிப் பன்னிரண்டு பேர் கொண்ட வகுப்புகள் உண்டாயின. வீடு வீடாகக் காசு சேர்க்கப் போனவர்கள், இன்ன வீட்டில் சண்டை, இன்னவர் மறுபடி குடிக்கிறார் என்ற செய்திகளோடு திரும்பினார்கள். மந்தையை மேய்க்கத் தாம் தேடிய வழி இதுவே என்று வெஸ்லி கண்டுகொண்டார்.

1743இல் அவர் வெளியிட்ட பொது விதிகளின்படி, சங்கத்தில் சேர ஒரே நிபந்தனை இரட்சிப்பின்மேல் உள்ள வாஞ்சை. வாசல் அவ்வளவு அகலம். ஆனால், உள்ளே தொடர்ந்து இருப்பவர் அந்த வாஞ்சையை நடக்கையில் காட்ட வேண்டும். தீமை செய்யாதிருக்க வேண்டிய காரியங்களின் வரிசையில் குடியும் சாராய வியாபாரமும் மட்டுமல்ல, அநியாய வட்டியும், தீர்வை கட்டாத கள்ளச் சரக்கும், திருப்பிக் கொடுக்க வகையில்லாமல் கடன் வாங்குவதும் இருந்தன. 2009க்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் கம்பனிகளிடம் அகப்பட்ட குடும்பங்களைக் கண்ட நமக்கு இந்த வரிசை பழையதாகத் தோன்றவில்லை.

அதே 1743 மார்ச்சில் நியூகாசில் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டவர்களின் தொகையை வெஸ்லி தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். மொத்தம் 64 பேர். குடிவெறிக்காக 17 பேர், சாராயம் விற்றதற்காக 2 பேர், மனைவியை அடித்ததற்காக ஒருவர். கவலையீனத்துக்கும் விளையாட்டுப் புத்திக்கும் 29 பேர்! அந்த 29 பேரை நாம் நீக்கியிருக்க மாட்டோம். 17 குடிகாரர் இருந்த இடத்தில் மனைவியை அடித்தவர் ஒருவர்தான் என்பதையும் நம்ப முடியவில்லை. ஒழுங்கு நடத்துகிறவர்களின் கண்ணுக்கும் சில பாவங்கள் சீக்கிரம் தெரிகின்றன, சில தெரிவதில்லை.

வெஸ்லியின் கடுமையைவிட, கப்டன் ஃபோய் சொன்ன வார்த்தையே நமக்குப் பெரியது. ஒழுங்காய் நடக்கும்படி ஒருவரைக் கேட்கிறவர் அவருடைய பங்கையும் தாம் கட்ட ஆயத்தமாயிருந்தார்.

அந்த ஊரில் பிறகு நடந்தது

போதகரும் மாதர் குழுவின் இரு பெண்களும் கசிப்புக்காரரின் வீட்டுக்குப் போனார்கள். முதல் இரு தடவைகள் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்கள். மூன்றாம் தடவை அவரே பேச்சைத் தொடங்கினார். இரண்டு போகம் மழை பொய்த்தது, விதைநெல்லுக்கு வட்டிக்குப் பட்டார், முதல் அப்படியே நிற்க வட்டி கட்டவே காய்ச்சத் தொடங்கினார். காசு கொடுத்தவர் யார் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

கசிப்பை விடு என்று சொல்வதானால், அந்த வட்டியை யார் கட்டுவது என்ற கேள்வி சபைக்கு வந்தது. மாதர் குழுவின் சுழற்சி நிதியிலிருந்து நூற்றுக்கு ஒன்று வட்டியில் அவருக்குக் கடன் கொடுத்து முதலை அடைத்தார்கள். எட்டு மாதம் காய்ச்சவில்லை. வேலையில்லாத மாதங்களில் இரண்டு தரம் மறுபடி காய்ச்சினார், ஒரு தரம் பொலிஸாரிடம் அகப்பட்டார். குழு பிளந்தது. அப்போது, குடிகாரப் புருஷனோடு பாடுபட்ட ஒரு பெண் சொன்னதை நாம் இன்னும் மறக்கவில்லை. "அவரோட ஒரே வாங்கில இருப்பன், ஐயா. ஆனா, சங்கப் புத்தகத்தை மட்டும் அவரிட்டைக் குடுக்கச் சொல்லாதேங்கோ." ஆலயத்தில் இடம் வேறு, பொறுப்பு வேறு. இதை அவளைவிடத் தெளிவாக எந்தப் போதகரும் சொல்லி நாம் கேட்டதில்லை. அவர் இப்போதும் வருகிறார். தவணையும் பிந்திப் பிந்தியாவது கட்டுகிறார்.

பொருளாளரிடம் மத்தேயு 18:15 சொல்கிறபடி போதகர் தனியே போனார், பின்பு இருவரோடு போனார். "வட்டி என்ரை தொழில். கோயில் விசயத்தோட அதைக் கலக்காதேங்கோ" என்றார் அவர். பொறுப்பை விட்டு, குடும்பத்தோடு பட்டணத்துச் சபைக்குப் போய்விட்டார். அவர் வாக்களித்த கூரைத் தகட்டுக் காசும் வரவில்லை. மாரியில் ஆலயத்தின் பின்பக்கம் ஒழுகுகிறது. போதகர்மேல் குறை சொல்கிறவர்கள் இன்னும் உண்டு.

நமது எண்ணத்தையும் சொல்லிவிடுகிறோம். போதகர் போனது சரி, பிந்திப் போனது பிழை. இருபது வருடமாக அவர் முன் வாங்கில் இருந்தபோது அவருடைய வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணீர் குடித்து, அவருடைய ஆத்துமாவைப் பற்றிப் பேசியவர் எவருமில்லை. அவருடைய காசைத்தான் சபை வரவேற்றிருந்தது, அவரை அல்ல.

குழுத் தலைவர்களுக்கு

முதல் கிழமை லூக்காவையும் இரண்டாம் கிழமை கொரிந்தியரையும் எடுங்கள். பவுலின் பட்டியலைக் கரும்பலகையில் எழுதி, நமது சபை எவற்றைப் பற்றிப் பேசுகிறது, எவற்றைப் பற்றிப் பேசுவதேயில்லை என்று கேளுங்கள். கடைசியாக எவர் நமது சபையை விட்டுப் போனார், அவரைத் தேடி யார் போனார்கள் என்றும் கேளுங்கள். மூன்றாம் கிழமை, ஒருவர் தீய தொழிலை விட ஆயத்தமானால் நமது குழு நிதியால் எவ்வளவு தாங்க முடியும் என்பதைக் கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்தே பேசுங்கள். ஊரிலுள்ள எவருடைய பெயரையும் குழுவில் எடுக்க வேண்டாம். எடுக்க வேண்டி வந்தால் கூட்டத்தை நிறுத்திவிட்டு, அவருடைய வீட்டுக்கு யார் போவது என்று மட்டும் தீர்மானியுங்கள்.