திரும்பி வந்த புற்றுநோயும் லயத்துச் சனங்களின் கடமையும்



இனிப்புநீர், ரத்தக்கொதிப்பு பற்றியெல்லாம் இந்தப் பகுதியில் முன்பு பார்த்திருக்கிறோம். இந்த முறை கொஞ்சம் கனமான விஷயம். ஒரு வீட்டில் தாய்க்குப் புற்றுநோய் வந்து, சிகிச்சையில் அடங்கி, சில வருஷம் கழித்து மறுபடியும் தலைகாட்டுகிறது. அந்த வீட்டார் என்ன செய்ய வேண்டும்? பக்கத்து வீட்டுக்காரர்களாகிய நாம் என்ன செய்ய வேண்டும்? மருந்து கொடுப்பது டாக்டரின் வேலை. மற்ற வேலைகளில் முக்கால்வாசி நம் கையில்தான் இருக்கிறது.

ஏன் திரும்பி வருகிறது?

"ஆபரேஷன் பண்ணி எடுத்தாச்சே டிரெசர் ஐயா, மறுபடி எப்படி வந்துச்சு?" என்று பலரும் கேட்கிறார்கள். லாலாங் புல்லை நினைத்துப் பாருங்கள். மேலே உள்ளதை வெட்டி, மருந்தும் அடிக்கிறோம். நிலம் சுத்தமாகத் தெரிகிறது. மண்ணுக்குள் ஒரு துண்டு வேர் தங்கியிருந்தால் போதும், பல மாதம் கழித்து வேறோர் இடத்தில் முளைக்கும். புற்றுநோய் அணுக்களும் அப்படித்தான். ஸ்கேனில் தெரியாத அளவு சிறியவை எலும்பிலோ நுரையீரலிலோ ஈரலிலோ பல வருஷம் தூங்கிக் கிடக்கும். மார்பகப் புற்றுநோய் திரும்புவதானால் பெரும்பாலும் முதல் ஐந்து வருஷத்துக்குள் திரும்பும். பத்து, பதினைந்து வருஷம் கழித்துத் திரும்புவதும் உண்டு.

இது யாருடைய குற்றமும் அல்ல. கண்ணேறும் அல்ல, கர்மமும் அல்ல. அந்த அம்மா கருவாடு சாப்பிட்டதாலும் வரவில்லை, சீக்கிரம் வேலைக்குப் போனதாலும் வரவில்லை. இதை முதலில் லயத்தில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். இது தொத்து வியாதியும் அல்ல. அவருக்கென்று தனிக் கோப்பை, தனித் தட்டு வைப்பது அறியாமை.

திரும்பி வந்தால் எல்லாம் முடிந்ததா?

இல்லை. பழைய தழும்பின் பக்கத்தில் மட்டும் வந்திருந்தால், மறுபடியும் முழுதாகக் குணப்படுத்த டாக்டர்கள் முயற்சி செய்வார்கள். எலும்பு, நுரையீரல், ஈரல் போன்ற இடங்களுக்குப் போயிருந்தால் அடியோடு நீக்குவது பெரும்பாலும் முடியாது. ஆனால் மாத்திரை, கீமோ, கதிர்வீச்சு முதலியவற்றால் அடக்கி வைக்கலாம். அப்படி அடக்கி வைத்துக்கொண்டு பல வருஷம் பிள்ளைகளோடு வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே டாக்டரைப் பார்க்கப் போகும்போது நான்கு கேள்விகளை எழுதி எடுத்துப் போங்கள். நோய் இப்போது எங்கெங்கே இருக்கிறது? இந்தச் சிகிச்சை குணப்படுத்தவா, அடக்கி வைக்கவா? மாதத்தில் எத்தனை தடவை வரவேண்டும்? இரவில் உடம்புக்கு முடியாமல் போனால் எந்த நம்பருக்குப் போன் செய்வது? பதிலை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். மலாயோ ஆங்கிலமோ நன்றாகத் தெரிந்த ஒருவர் கூடப் போவது நல்லது.

முதல் தடவையும் இரண்டாம் தடவையும்

ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். செம்பனைத் தோட்டத்தில் உரம் போடும் தாய். மூன்று பிள்ளைகள். முதல் தடவை மார்பில் ஆபரேஷன் ஆனபோது லயமே திரண்டு வந்தது. மைலோ டின், ஹார்லிக்ஸ் போத்தல், ஆப்பிள் என்று மேசை நிறைந்தது. வீட்டில் உட்கார இடமில்லை. வந்தவர்களுக்கெல்லாம் அந்தப் பெரிய பெண்தான் கோப்பி கலக்கினாள். மூன்றாவது வாரத்தில் ஒருவரையும் காணோம். கீமோ தொடங்கியதே அப்போதுதான்.

ஆறு வருஷம் கழித்து அவருக்கு முதுகு வலித்தது. உர மூட்டை தூக்கியதால் என்று நினைத்து இரண்டு மாதம் தைலம் தேய்த்தார். படுத்தாலும் குறையாத வலி, இரவில் கூடும் வலி என்பதால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். நோய் முதுகெலும்பில் வந்திருந்தது. இந்தத் தடவை கூட்டம் வரவில்லை. "பாவம், இனி என்னா செய்யிறது" என்று வாசலைக் கடந்து போனார்கள். பயம்தான் காரணம், கெட்ட மனசு அல்ல. என்ன பேசுவது என்று தெரியாமல் ஒதுங்கினார்கள்.

பிறகு நடந்ததுதான் நமக்குப் பாடம். கோயில் மாதர்களில் இருவரும் சங்கக் கிளைச் செயலாளரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவிடமே போய், "அக்கா, எது செஞ்சா உங்களுக்கு உதவியா இருக்கும், எது வேண்டாம், சொல்லுங்க" என்று கேட்டார்கள். அவர் பணம் கேட்கவில்லை. "ஆஸ்பத்திரிக்குக் கூட வர ஒரு ஆள் வேணும். பெரியவ படிப்பு நிக்கக் கூடாது," என்றார். அவ்வளவுதான். அதை வைத்து வேலையைப் பங்கு போட்டார்கள். பத்து வீடுகள் சேர்ந்தன. ஒரு வீட்டுக்கு வாரத்தில் ஒரே ஒரு வேலைதான் வந்தது. இரண்டு வருஷத்துக்கு மேல் அந்த முறை தவறவில்லை. பெரிய பெண் எஸ்.பி.எம். பரீட்சையை எழுதி முடித்தாள்.

தோழர்களே, இரண்டாம் தடவைக்கு வேண்டியது கூட்டம் அல்ல, முறை. பத்துப் பேர் ஒரு நாள் வருவதைவிட, ஒருவர் பத்து வாரம் தவறாமல் வருவது பெரிய உதவி.

வேலையைப் பங்கு போடுவது எப்படி?

1. ஒரு பொறுப்பாளர் வேண்டும். குடும்பத்துக்குப் பிடித்த, வாய் காக்கிற ஒரு பெண்மணியாக இருக்கட்டும். யார் எதைக் கேட்பதானாலும் அவரைக் கேட்க வேண்டும். நோயாளியின் வீட்டுக்கு நாளெல்லாம் போன் போட்டு ஒரே கதையைச் சொல்ல வைக்கக் கூடாது. அந்த அம்மா சம்மதிக்காத செய்தியைக் கைப்பேசியில் பரப்பவும் கூடாது.

2. ஆஸ்பத்திரிப் பயணம். அதிகாலையில் கிளம்பி மாலையில் திரும்புகிற வேலை இது. புருஷன் ஒவ்வொரு தடவையும் பெரட்டுக்குப் போகாமல் நின்றால் சம்பளம் போய்விடும். கூடப் போகிறவர்களுக்கு மாதக் கணக்கில் முறை வையுங்கள். வாகனத்துக்கு நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேளுங்கள்.

3. சமையல். கீமோ ஏற்றிய வாரத்தில் வாசனையே குமட்டும். சம்பல், கருவாடு வேண்டாம். கஞ்சி, இட்லி, நன்றாக வெந்த முட்டை, பருப்பு ரசம் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சமைத்தது அன்றே தீரட்டும். பிள்ளைகளுக்கும் புருஷனுக்கும் சேர்த்துச் சமைப்பதுதான் பெரிய உதவி. இருமல், சளி உள்ளவர்கள் சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுப் போங்கள்.

4. துணி துவைப்பது. கீமோ ஏற்றிய பின் 48 மணி நேரம் வாந்தி, சிறுநீர் பட்ட துணிகளைக் கையுறை போட்டுத் தனியாகத் துவைக்க வேண்டும். கர்ப்பிணிகள் அவற்றைத் தொட வேண்டாம். மற்றபடி அவரைத் தொட்டுப் பேசுவதில் எந்தப் பயமும் இல்லை. ஒரு கையைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள்.

5. பிள்ளைகள். "அம்மா ஊருக்குப் போயிருக்காங்க" என்று பொய் சொல்லாதீர்கள். பிள்ளைகளுக்கு எப்படியும் தெரிந்துவிடும். நோயின் பெயரைச் சொல்லுங்கள், நீ செய்த எதனாலும் இது வரவில்லை என்றும் சொல்லுங்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியரிடமும் சொல்லி வையுங்கள். மூத்த பெண்பிள்ளையை வீட்டு வேலைக்காகப் பள்ளியிலிருந்து நிறுத்துவது பெரும் அநியாயம். தாயின் நோய்க்கு மகளின் படிப்பைப் பலி கொடுக்கக் கூடாது.

6. புருஷன். எல்லாரும் நோயாளியைக் கேட்பார்கள், அவரைக் கேட்கமாட்டார்கள். சிலர் துக்கத்தில் சம்சு பக்கம் சாய்வார்கள். வாரத்தில் ஒரு மாலை ஒரு நண்பர் அவரை வெளியே கூட்டிப்போய்ப் பேசவிட வேண்டும். புத்தி சொல்ல வேண்டியதில்லை, காது கொடுத்தால் போதும்.

இன்று பல தோட்டங்களில் நம் வீடுகள் குறைந்துவிட்டன. பத்து வீடு கிடைக்காவிட்டால் நான்கு வீடு போதும். பட்டணத்துக்குப் போன உறவினர்கள் ஆஸ்பத்திரி முறையை எடுத்துக்கொள்ளலாம். பக்கத்து லயத்தில் இருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களையும் கேட்டுப் பாருங்கள். கேட்காமல் யாரும் வரமாட்டார்கள்.

என்ன பேசுவது?

"ஒண்ணும் ஆகாது, தைரியமா இரு" என்று வாயை அடைக்காதீர்கள். "இன்னார்கூட இப்படித்தான் போனாங்க" என்ற கதை அறவே வேண்டாம். "இன்னைக்கு எப்படி இருக்கு அக்கா?" என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேளுங்கள். அவர் அழுதால் அழட்டும். சாவைப் பற்றிப் பேசினால் பேச்சை மாற்றாதீர்கள். பிள்ளைகள் யாரிடம் இருக்க வேண்டும், காகிதங்கள் எங்கே இருக்கின்றன என்பதையெல்லாம் சொல்ல அவருக்கு ஆசை இருக்கும்.

அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை

கீமோ எடுப்பவருக்குக் காய்ச்சல் 38 டிகிரி ஆனால் இரவானாலும் காத்திருக்கக் கூடாது. கீமோ ஏற்றிய ஒன்று இரண்டு வாரத்தில் வெள்ளை ரத்த அணுக்கள் குறைந்திருக்கும். கிருமி உடம்பெல்லாம் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். பெனடோல் போட்டுக் காய்ச்சலை மறைக்காதீர்கள். அதுபோலவே முதுகு வலியோடு கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் வராமல் அடைப்பது அல்லது தன்னையறியாமல் போவது, மூச்சுத் திணறல், வலிப்பு. முதுகெலும்பு நரம்பு அழுந்தினால் ஒரு நாள் தாமதமும் காலை முடக்கிவிடலாம்.

வலியைத் தாங்கிக்கொள்ள வேண்டியதில்லை

மோர்ஃபின் என்றால் "கடைசி மருந்து" என்று பயப்படுகிறார்கள். அது தவறு. டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுத்தால் வலி அடங்கி, தூங்கவும் சாப்பிடவும் முடியும். மலச்சிக்கல் வரும், அதற்கு மருந்து சேர்த்துக் கேளுங்கள். நோவைத் தணிக்கும் சிகிச்சை பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் 1991-ல் தொடங்கிய ஹோஸ்பிஸ் மலேசியா வீட்டுக்கே வந்து இலவசமாகப் பார்க்கிறது.

நாட்டு மருந்து, சின்சே மருந்து எதுவானாலும் டாக்டரிடம் சொல்லாமல் கொடுக்காதீர்கள். சில மூலிகைகள் கீமோவோடு சேர்ந்து ஈரலைக் கெடுக்கும். பூசை, நேர்த்திக்கடன் மனசுக்குத் தெம்பு. அதற்காக ஆஸ்பத்திரித் தேதியை மட்டும் தள்ளிவைக்காதீர்கள்.

பணமும் உரிமையும்

வட்டிக்காரனிடம் போகாதீர்கள். முதலில் ஆஸ்பத்திரியில் உள்ள மருத்துவச் சமூகநல அதிகாரியைப் பாருங்கள். 1994-ல் அமைந்த மக்னா என்ற தேசியப் புற்றுநோய் மன்றம் ஏழை நோயாளிகளுக்கு உதவுகிறது. சமூகநல இலாகாவிலும் மனு கொடுக்கலாம். கடும் நோய்ச் செலவுக்கு ஊழியர் சேம நிதியிலிருந்து ஒரு பகுதியை எடுக்க வழி உண்டு. 60 வயதுக்குள், போதிய சந்தா கட்டியவர் இனி வேலை செய்யவே முடியாது என்று மருத்துவக் குழு சொன்னால் சொக்சோவின் இயலாமை ஓய்வூதியம் கேட்கலாம். ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெற வருஷத்துக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு சட்டத்தில் இருக்கிறது. 2023 ஜனவரி முதல் அது சாதாரண மருத்துவ விடுப்பில் கழிக்கப்படுவதில்லை. ஆகவே கோபத்திலோ சோர்விலோ யாரும் வேலையை எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். கையெழுத்துப் போடுமுன் சங்கக் கிளையைக் கேளுங்கள்.

லயத்தில் வசூல் செய்தால் கணக்கை நோட்டில் எழுதி, இரண்டு பேர் கையெழுத்திட்டுக் கொடுங்கள். யார் எவ்வளவு கொடுத்தார் என்று வெளியே சொல்லாதீர்கள்.

கடைசியாக ஒன்று. அந்த அம்மாவின் அக்கா தங்கைகளும் வயது வந்த பெண் மக்களும் கிளினிக்கில் வந்து மார்பகப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மலேசியப் பெண்களுக்கு அதிகமாக வருகிற புற்றுநோய் இதுவே. கட்டியில் வலி இல்லையே என்று சும்மா இருக்காதீர்கள். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது.

உங்கள் லயத்தில் இப்படி ஒரு வீடு இருக்கிறதா? இந்த வாரமே நான்கு பேர் கூடிப் பேசுங்கள். முதலில் அந்த அம்மாவிடம் போய்க் கேளுங்கள். பிறகு ஆளுக்கொரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்ததை விடாதீர்கள்.