தனிமைப்படுத்தினால் வேலை போய்விடுமா?



"பதினாலு நாள் வீட்டுக்குள்ள இருக்கச் சொன்னா, செக்ரோலில் பேர் விழுமா? திரும்பி வந்தா வேலை இருக்குமா?" கொரோனாக் காலத்தில் லயத்துக்கு லயம் கேட்ட கேள்வி இது. இன்னொரு தொற்று எப்போது வந்தாலும் இதே கேள்வி வரும். ஆகவே இந்த இதழில் அதைப் பாடமாகப் பார்ப்போம்.

தனிமைப்படுத்தல் எங்களுக்குப் புதிதல்ல. இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு வந்த எங்கள் முன்னோரை மண்டபம் முகாமில் தடுத்து வைத்து, நோய் இல்லை என்று கண்ட பிறகே கப்பலேற்றினார்கள். 2020 மார்ச் 10ஆம் திகதி, மட்டக்களப்பு மாவட்டத்துப் புனானையில் இருந்த வளாகக் கட்டிடம் தனிமைப்படுத்தல் நிலையமானது. தென்கொரியா, இத்தாலி, ஈரான் நாடுகளிலிருந்து வந்தவர்களை அங்கே 14 நாள் வைத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையில் நோய் பரவியபோது, ஆயிரக்கணக்கான தொழிலாளரும் வீட்டாரும் தனிமைப்படுத்தப்பட்டார்கள்.

சம்பளம் கிடைக்குமா?

ஆளைத் தடுத்து வைக்கும் அதிகாரம் 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தனிமைப்படுத்தல் கட்டளைச் சட்டத்தில் உண்டு. அந்த நாட்களின் கூலி பற்றி அச்சட்டம் பேசவில்லை. 2020 மே மாதத்தில் அரசு, முதலாளிமார், தொழிற்சங்கங்கள் ஆகிய முத்தரப்பும் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. வேலைக்கு அழைக்க முடியாதவருக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி அல்லது 14,500 ரூபா, இதில் எது கூடவோ அது கொடுபட வேண்டும். உதாரணமாக, அடிப்படைச் சம்பளம் 24,000 என்றால் பாதி 12,000 தான். ஆகவே 14,500 கிடைக்கும். 32,000 என்றால் 16,000 கிடைக்கும். இது அந்தக் காலத்துக்கு மட்டும் செய்த ஏற்பாடு. சர்வதேச தொழில் அமைப்பு 1969லேயே தனது 134ஆம் இலக்கப் பரிந்துரையில், தனிமைப்படுத்தலால் கூலி இழப்பவருக்குப் பண உதவி வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. சங்கத்தில் பேசும்போது இதை ஞாபகப்படுத்துங்கள்.

வேலை போகுமா?

இதற்கு 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் துணை நிற்கிறது. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், முந்திய 12 மாதத்தில் 180 நாளாவது வேலை செய்தவரை, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்துவதென்றால் இரண்டில் ஒன்று வேண்டும்: தொழிலாளியின் எழுத்து மூலச் சம்மதம் அல்லது தொழில் ஆணையாளரின் முன் அனுமதி. தற்காலிகமாக நிறுத்துவதற்கும் இதே விதிதான்.

எழுத்து மூலச் சம்மதம் என்பதைக் கவனியுங்கள். வாசிக்காமல் போடும் ஒரு கையெழுத்தே உங்கள் பாதுகாப்பை இல்லாமல் ஆக்கிவிடும்.

செய்ய வேண்டியவை

1. தனிமைப்படுத்தும் நாளும் விடுவிக்கும் நாளும் எழுதிய கடிதத்தைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு வாங்குங்கள்.

2. அன்றைக்கே தோட்ட அலுவலகத்துக்கு எழுத்தில் அறிவித்து, பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கங்காணியிடம் வாயால் சொல்லிவிட்டால் போதும் என்று இருக்க வேண்டாம். சொல்லாமல் நின்றால் "வேலையைக் கைவிட்டார்" என்று எழுதிவிட இடமுண்டு.

3. வருடாந்த லீவு மிச்சம் இருந்தால், அந்த நாட்களுக்குக் கழிக்க முடியுமா என்று கேளுங்கள்.

4. வெற்றுத் தாளிலோ, விளங்காத மொழியில் உள்ள தாளிலோ கையெழுத்துப் போடாதீர்கள். படித்த பிள்ளையிடம் காட்டுங்கள்.

5. வேலை இல்லை என்றால், நிறுத்திய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறையிடுங்கள்.

ஊருக்கு நோய் பரவக்கூடாது என்றுதான் ஒருவர் அடைபட்டுக் கிடக்கிறார். அவர் வீட்டு அடுப்பு அணையாமல் பார்ப்பது நம் எல்லாருடைய கடமை.