திரை கருப்பானால் கணினி செத்துவிட்டதா?



இந்த இதழில் நாம் பார்க்கப்போவது 'கிராபிக்ஸ் டிரைவர்'. டிரைவர் என்றதும் நம்ம ஊர் மினி பஸ் டிரைவர் அண்ணன் ஞாபகம் வருதா? அவர் இல்லை. இது கணினிக்குள் இருக்கும் ஒரு மென்பொருள். தப்பான டிரைவர் வந்து உட்கார்ந்துவிட்டால் என்ன ஆகும், அதை எப்படி இறக்கிவிடுவது என்று பார்ப்போம்.

டிரைவர் என்றால் என்ன?

மடிக்கணினியின் திரை முழுவதும் சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனது. பல மடிக்கணினிகளில் குறுக்கே 1366 புள்ளி, நெடுக்கே 768 புள்ளி. பெருக்கிப் பாருங்கள், 10,49,088 வரும்! பெரும்பாலான திரைகளில் படம் நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. அப்படியானால் ஒரே நொடியில் 6 கோடியே 29 லட்சம் தடவைக்கு மேல் புள்ளிகளுக்கு நிறம் சொல்ல வேண்டும். இந்த வேலையைச் செய்வதுதான் கிராபிக்ஸ் சிப்.

விண்டோஸ் பேசுவது சிப்புக்கு நேரடியாகப் புரியாது. நடுவில் நின்று மொழிபெயர்த்துச் சொல்வதுதான் டிரைவர். ஒவ்வொரு வகைச் சிப்புக்கும் அதற்கு ஏற்ற டிரைவர் வேண்டும். பொருந்தாத டிரைவரைப் போட்டாலோ, போடும்போது பாதியில் நின்றுவிட்டாலோ திரை கருப்பாகலாம், மினுக்கலாம், கோடு கோடாக வரலாம்.

எங்கள் பெரியம்மா வீட்டில் நடந்தது

என் பெரியம்மா பொண்ணு கல்லூரியில் படிக்கிறாங்க. பெரியம்மா சீட்டு எடுத்த பணத்தில் ஒரு பழைய மடிக்கணினி வாங்கிக் கொடுத்திருந்தாங்க. ப்ராஜெக்ட் கொடுக்க நாலு நாள் இருக்கும்போது அக்கா இணையத்தில் கிடைத்த ஒரு டிரைவரைப் போட்டாங்க. திரும்ப ஆன் செய்தால் திரை ஒரே கருப்பு. பழுது பார்க்கிற இடத்தில் காட்டியதற்கு, "மதர்போர்டு போயிருக்கும்மா, 6,000 ரூபாய் ஆகும். வேணும்னா ஒரு தடவை ஃபார்மட் பண்ணிப் பார்க்கலாம்" என்றார்கள். ஃபார்மட் செய்தால் ப்ராஜெக்ட் அழிந்துவிடும். வேறு நகலும் இல்லை. பெரியம்மா தோட்டை அடகு வைக்கலாம்னு சொல்லிட்டாங்க.

வீட்டில் மறுபடி ஆன் செய்தபோது ஒன்றைக் கவனித்தோம். முதலில் கம்பெனி பெயர் பளிச்சென்று தெரிந்தது. அதற்குப் பிறகுதான் திரை கருப்பானது.

இதை ஏன் கவனிக்க வேண்டும்?

ஆன் செய்ததும் முதலில் எழுவது விண்டோஸ் இல்லை. பயாஸ் அல்லது யூஇஎஃப்ஐ என்ற சின்ன மென்பொருள்தான் முதலில் எழும். கம்பெனி பெயரைக் காட்டுவது அதுதான். அதற்கு விண்டோஸ் டிரைவர் தேவையில்லை. ஆகவே திரை எப்போது கருப்பாகிறது என்று பார்த்தாலே பாதி நோய் தெரிந்துவிடும்.

1. பெயரும் தெரியவில்லை, ஆனால் விசிறி ஓடுகிறது என்றால் வன்பொருள் கோளாறாக இருக்கலாம். திரையில் டார்ச் அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பின்விளக்குதான் போயிருக்கும்.
2. பெயரிலேயே கோடு விழுகிறது என்றால் திரை, அதன் ஒயர், சிப் இவற்றில் ஒன்றில் கோளாறு.
3. பெயர் நன்றாகத் தெரிந்து, விண்டோஸ் எழும்போது கருப்பானால் டிரைவர் மேல்தான் முதல் சந்தேகம். அதுவும் டிரைவர் மாற்றிய அன்றே என்றால் கேட்கவே வேண்டாம்.

சரிசெய்யும் முறை (விண்டோஸ் 10, 11)

1. விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு கீகளையும் சேர்த்து அழுத்துங்கள். டிரைவர் மறுபடி தொடங்கும். சில சமயம் இதிலேயே படம் வந்துவிடும்.
2. வரவில்லையா? விண்டோஸ் எழும்போது பவர் பட்டனை விடாமல் அழுத்தி அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் பழுது நீக்கும் பக்கம் தானாக வரும். மற்ற நேரத்தில் இப்படி அணைக்கக் கூடாது.
3. அதில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று வரிசையாகப் போய் எண் 4 அழுத்துங்கள். இதுதான் சேஃப் மோடு. பிட்லாக்கர் பூட்டு உள்ள கணினி 48 இலக்கச் சாவி கேட்கும். அதை முன்பே எழுதி வைத்திருப்பது நல்லது.
4. சேஃப் மோடில் விண்டோஸோடு வரும் அடிப்படை டிரைவர் மட்டும் ஓடும். எழுத்து பெரிசு பெரிசாகத் தெரியும், பயப்படாதீங்க. முதல் வேலையாக முக்கியமான கோப்புகளைப் பென் டிரைவில் நகல் எடுங்கள்.
5. ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, டிஸ்ப்ளே அடாப்டர்ஸில் சிப்பின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். ப்ராப்பர்டீஸில் டிரைவர் பக்கத்தில் 'ரோல் பேக் டிரைவர்' இருக்கும். அது பழைய டிரைவரைத் திருப்பிக் கொண்டுவரும்.
6. அந்தப் பட்டன் மங்கி இருந்தால் 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுங்கள். டிரைவரையும் நீக்கும் கட்டத்தில் டிக் போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.
7. கடைசியாக, கணினியின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் பார்த்து, தயாரித்த கம்பெனியின் தளத்திலிருந்தே சரியான டிரைவரை எடுத்துப் போடுங்கள்.

அக்காவின் கணினியில் பட்டன் மங்கித்தான் இருந்தது. நகல் எடுத்துவிட்டு 6வது முறையைச் செய்தோம். படம் வந்துவிட்டது! ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. தோடும் பெரியம்மா காதிலேயே இருக்கிறது. மதர்போர்டு நிஜமாகவே போவதும் உண்டுதான். ஆனால் பணம் கொடுக்கும் முன், ஃபார்மட் செய்யும் முன், இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாமே!

நினைவில் வையுங்கள்

* டிரைவர் மாற்றும் முன் ரெஸ்டோர் பாயிண்ட் ஒன்று உருவாக்குங்கள்.
* 'உங்கள் டிரைவர் பழசாகிவிட்டது' என்று வரும் விளம்பரங்களை நம்பாதீர்கள்.
* படிப்புக் கோப்புகளுக்கு எப்போதும் இரண்டு நகல் வேண்டும்.
* ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அப்போதுதான் எதனால் சரியானது என்று தெரியும்.
* நம் பள்ளிக் கணினியில் டீச்சரிடம் கேட்காமல் எதையும் மாற்றாதீர்கள்.

'பதறாத காரியம் சிதறாது' என்பது பழமொழி. கருப்புத் திரைக்கும் அது பொருந்தும்.



– 9ஆம் வகுப்பு மாணவி