மாடி இருக்கட்டும், மருமகனே



மாடி எழுப்ப இன்னும் இரண்டு வருஷம் சவூதியில், தம்மாமிலேயே இருக்கப் போவதாக நேற்று போனில் சொன்னாய். உன் உம்மா பக்கத்தில் இருந்ததால் நான் வாய் திறக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ வெளிநாட்டுக்குச் சபுர் போனபோது காரணம் இருந்தது. வாப்பா வைத்துவிட்டுப் போன கடன், தங்கச்சி நிக்காஹ், ஒழுகும் ஓட்டு வீடு. மூன்றையும் எட்டு வருஷத்தில் முடித்தாய். அதை நினைத்துப் பெருமைப்படாத நாள் எனக்கு இல்லை. ஆனால் மாடி அந்தக் கணக்கில் கிடையாது. கீழேயே இரண்டு அறை பூட்டிக் கிடக்கிறது.

பர்மா, மலாயா, கொழும்பு, 1970-களுக்குப் பிறகு வளைகுடா என்று தலைமுறை தலைமுறையாகப் புறப்பட்டுப் போன ஊர் இது. பசிக்காகப் போனவர்களை நான் ஒரு சொல் சொல்ல மாட்டேன். பசி தீர்ந்த பிறகும் திரும்பாதவர்களையும் பார்த்திருக்கிறேன். நம் தெருவில் ஒருவர் முப்பது வருஷம் ஜித்தாவில் இருந்துவிட்டுச் சர்க்கரை நோயோடு வந்து சேர்ந்தார். பிள்ளைகள் மரியாதைக்குக் குறை வைப்பதில்லை. ஆனால் வீட்டில் எந்தப் பேச்சும் அவர் வரைக்கும் வராது, எல்லாம் உம்மாவோடு முடிந்துவிடும்.

ரியால் ஏறுகிறது என்கிறாய். டாலருக்கு 3.75 ரியால் என்று 1986-ல் வைத்தது இன்றும் அப்படியேதான் இருக்கிறது. இறங்குவது நம் ரூபாய். நீ அனுப்புவது கூடும்போது இங்கே கொத்தனார் கூலியும் சேர்ந்தே ஏறுகிறது.

பத்து வருஷம் முடியாமல் ராஜினாமா செய்தால் சர்வீஸ் பணம் குறையும் என்பது உண்மைதான். அதையும் போட்டுப் பார்த்தேன். முதல் ஐந்து வருஷத்துக்கு அரை மாதம் வீதம், அடுத்த மூன்றுக்கு ஒரு மாதம் வீதம், ஆக ஐந்தரை மாதச் சம்பளம். அதில் மூன்றில் ஒரு பங்கு போகும். இரண்டு மாதச் சம்பளம்கூட இல்லை.

பகலெல்லாம் ஏசி மாட்டிவிட்டு இரவில் ஓவர்டைமும் பார்க்கிறாய். வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சொல்லியிருக்கின்றன. உன் வாப்பா எதில் விழுந்தார் என்பதை நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

போன லீவில் நீ திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தாய். உன் மகள் ரேங்க் கார்டோடு உன்னைத் தாண்டி வந்து, கையெழுத்துக்கு என்னிடம் நீட்டினாள். எனக்கு உள்ளே சுருக்கென்றது. அவளுக்கு இப்போது ஏழு வயது. ஒன்பது வயதில் நீ வந்து நின்றால் சலாம் சொல்லுவாள், மடியில் ஏற மாட்டாள்.

பட்டுக்கோட்டைப் பக்கம் ஏசி வேலை தெரிந்தவனுக்குக் கோடையில் கை ஓயாது. வருமானம் பாதிதான் வரும், மறைக்கவில்லை. கடன் இல்லாத வீட்டுக்கு அது போதும். இகாமா பெர்மிட்டைப் புதுப்பிப்பதற்கு முன்னாலேயே எக்ஸிட் கேட்டுவிடு. கேட்டதும் முதலில் உன் மனைவிக்குச் சொல். எனக்கு அப்புறம் சொன்னால் போதும்.

உன் மாமா