தொண்ணூற்றொன்பது தூண்கள்: ஸ்ரீ மெனாந்திக்கு ஓர் அரைநாள் கல்விச் சுற்றுலா

பாரோயிலிருந்து கோலப்பிலா செல்லும் சாலை நமக்குப் புதிதன்று. உறவினர் வீட்டுத் திருமணங்களுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் அவ்வழியே பலமுறை சென்று வந்திருக்கிறோம். ஆயினும் அச்சாலையை ஒட்டி நமது மாநிலத்தின் வரலாறு கிடக்கிறது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்த்ததில்லை. அதனைக் கண்டுவரும் பொருட்டு, ஒரு சனிக்கிழமை காலையில், ஐந்தாம் ஆண்டு, ஆறாம் ஆண்டு மாணவர்களுடன் பஸ் வண்டி ஒன்றை அமர்த்திக்கொண்டு ஸ்ரீ மெனாந்தி அரண்மனைக்குப் புறப்பட்டோம். இருக்கைகள் சில மிஞ்சியிருந்தமையால் பெற்றோர் சிலரும் பாட்டிமார் மூவரும் உடன் வந்தனர். பாட்டிமாரை அழைத்துச் சென்றது எத்துணை நல்லதாயிற்று என்பது பின்னர் விளங்கும்.

தொலைவு ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். காலையில் பசியாறிவிட்டுப் புறப்பட்டால் மதியச் சாப்பாட்டிற்கு வீடு திரும்பிவிடலாம்.

பாரோயைக் கடந்ததும் சாலை மலையேறத் தொடங்குகிறது. அதுவே புக்கிட் பூத்துஸ் கணவாய். இப்போது உயர்ந்த பாலங்களுடன் கூடிய அகலமான சாலை இருக்கிறது. பழைய சாலையோ பாம்பைப்போல் வளைந்து வளைந்து செல்வது. அந்த வளைவுகளில் எத்தனை பேர் வாந்தியெடுத்தார்கள் என்று பாட்டிமார் ஒரு கணக்கே வைத்திருந்தார்கள். வழிகாட்டியாக வந்த மலாய்ப் பெரியவர் அவ்விடத்தில் வண்டியை மெதுவாகச் செலுத்தச் சொல்லி, 1875ஆம் ஆண்டின் போரைப் பற்றிக் கூறலானார்.

அக்காலத்தில் ஆங்கிலேயர் சுங்கை ஊஜோங்கில், அதாவது இன்றைய சிரம்பான் வட்டாரத்தில், காலூன்றியிருந்தனர். கணவாய்க்கு அப்பால் ஸ்ரீ மெனாந்தியில் யாம்துவான் அந்தா என்பவர் ஆட்சி செலுத்தினார். இரு தரப்பிற்கும் பகை மூண்டது. நமது பாரோயிலும் அவ்வாண்டு சண்டை நிகழ்ந்தது. யாம்துவானின் வீரர்கள் கணவாயில் மரக்கட்டைகளால் அரண் அமைத்துக் காவலிருந்தனர். 1875 டிசம்பர் 20ஆம் நாள், கேப்டன் சேனர் என்பவர் இந்தியாவிலிருந்து வந்திருந்த கூர்க்கா வீரர் சிலருடன் உளவறியச் சென்று, காட்டு வழியே சுற்றி அரணின் பின்புறத்தை அடைந்தார். உள்ளிருந்தவர்கள் அப்போது சமைத்துக்கொண்டிருந்தனராம். காவலுக்கு ஆளில்லை. அவர்களின் பேச்சுக்குரலே காதில் விழும் அளவுக்கு நெருங்கி, திடீரெனப் பாய்ந்து அரணைக் கைப்பற்றினர். அதற்காக விக்டோரியா சிலுவை என்னும் மிக உயர்ந்த வீர விருது சேனருக்கு வழங்கப்பட்டது. சோறு வெந்துகொண்டிருந்த நேரத்தில் நாட்டை இழந்த வீரர்களின் பெயர்களை எந்த விருதும் குறித்து வைக்கவில்லை.

"அந்தச் சோறு என்னவாயிற்று, ஐயா?" என்று ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் கேட்டான். வண்டியில் எல்லாரும் சிரித்தனர். வழிகாட்டி மட்டும் சிரிக்கவில்லை. நல்ல கேள்வி என்றார்.

அப்போரின்போது ஸ்ரீ மெனாந்தியிலிருந்த பழைய அரண்மனையை ஆங்கிலப் படையினர் தீக்கிரையாக்கினர். யாம்துவான் அந்தா சில காலம் வேற்றிடம் சென்றிருந்து, பின்னர் சமாதானம் ஏற்பட்டு ஊர் திரும்பினார். அவருடைய மகன் துவாங்கு முகமது 1888 முதல் 1933 வரை ஆண்டவர். நாம் காணச் சென்ற அரண்மனையைக் கட்டுவித்தவர் அவரே. 1902இல் தொடங்கிய வேலை 1908இல் முடிந்தது. 1930களின் தொடக்கம் வரை அரச குடும்பம் அங்கு வாழ்ந்தது. 1992இல் அது அரச அரும்பொருளகமாயிற்று. பழைய மரக் கட்டடமாகையால் அவ்வப்போது பழுதுபார்ப்பு வேலைகள் நடக்கும். ஆகவே, செல்ல விரும்புவோர் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நலம்.

வயல்களும் பச்சைக் குன்றுகளும் சூழ்ந்த பள்ளத்தாக்கில், கரிய மரத்தாலான அக்கட்டடம் நான்கு அடுக்குகளாக எழுந்து நிற்கிறது. மேலே செல்லச் செல்ல அடுக்குகள் சிறுத்துச் செல்கின்றன. உச்சி அடுக்கில் அரசரின் செல்வங்களும் ஆவணங்களும் பாதுகாக்கப்பட்டனவாம். கட்டடத்தைத் தாங்குவன 99 தூண்கள். பல்வேறு லுவாக்குகளைச் சேர்ந்த 99 வீரர்களைக் குறிப்பன அவை என்பர். லுவாக் என்பது இம்மாநிலத்தின் பழைய ஆட்சிப் பிரிவு. 'நெகிரி செம்பிலான்' என்றாலே ஒன்பது நாடுகள் என்பதுதானே பொருள்! சுமத்திராவின் மினாங்கபாவ் மக்கள் இங்குக் குடியேறி, தாய்வழி உரிமை கொண்ட அடாட் பெர்ப்பாத்தே என்னும் மரபைக் கொண்டுவந்தனர். 1773இல் அங்கிருந்தே ராஜா மெலேவாரை அழைத்து வந்து தங்கள் முதல் யாம்துவானாக அமர்த்தினர். இன்றும் இம்மாநிலத்தின் பேரரசரை நான்கு உண்டாங்குகள் கூடியே தேர்ந்தெடுக்கின்றனர். 

மாணவர்கள் உடனே தூண்களை எண்ணத் தொடங்கினர். ஒருவன் 94 என்றான். ஒருத்தி 102 என்றாள். கால் மணி நேரம் ஓடியும் ஒருவர் கணக்கு மற்றவர் கணக்கோடு ஒத்துவரவில்லை. கணக்குப் பாடத்தில் நாம் வாங்கும் புள்ளிகளுக்கு இதுவே காரணம் போலும்!

இவ்வரண்மனை இரும்பாணி இன்றிக் கட்டப்பட்டது. இதுவே நாம் கருத்தூன்றிக் கற்க வேண்டிய பாடம். செங்கால் என்னும் வன்மரத்தை அறுத்து, ஒரு மரத்தின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி, மற்றொரு மரத்தில் அதற்கேற்ற துளையிட்டுப் பொருத்தியுள்ளனர். பொருத்தியவை கழன்றுவிடாதபடி மர முளைகளை அடித்து இறுக்கியுள்ளனர். நமது நாட்டின் ஈரக் காற்றில் இரும்பு துருப்பிடிக்கும். துருப்பிடித்த ஆணி பருத்து மரத்தைப் பிளக்கும். மர முளையோ, தான் செருகப்பட்ட மரத்தைப் போலவே ஈரத்தில் சற்று விரிந்து, வெயிலில் சற்றுச் சுருங்கும். கோயில் தேர் செய்யும் நம் தச்சர்களும் மரத்தோடு மரத்தைப் பிணைக்கும் இக்கலையை நன்கறிந்தவர்கள். கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனையும் மர வேலைப்பாட்டிற்குப் பெயர்பெற்றதே.

இம்முறையில் இன்னொரு வசதியும் உண்டு. வீட்டைப் பிரித்தெடுத்து வேறிடத்தில் மீண்டும் பூட்டலாம். கோலப்பிலா வட்டாரத்தில் 1860களில் எழுந்த அம்பாங் திங்கி அரண்மனையை 1953இல் அவ்வாறே பிரித்துச் சிரம்பானுக்குக் கொண்டுவந்தனர். அதன்பின் அது மறுமுறையும் இடம் மாற்றப்பட்டது.

ஸ்ரீ மெனாந்தி அரண்மனையைக் கட்டியவர்கள் துக்காங் காஹார், துக்காங் தாயிப் என்னும் இரு மலாய்த் தச்சர்கள். 'துக்காங்' என்றால் கைவினைஞர். வழிகாட்டி இப்பெயர்களைச் சொன்னதும், எங்களுடன் வந்த பாட்டி ஒருவர், "என்ன சொல்றாரு?" என்று தம் பேத்தியைக் கேட்டார். அவர் நாற்பது ஆண்டுக்காலம் பால்மரம் வெட்டியவர். பேத்தி மலாயில் கேட்டதைத் தமிழில் எடுத்துச் சொன்னாள். பாட்டி சற்று நேரம் தூணின்மேல் கையை வைத்தபடி நின்றார். "ராசா பேரு இருக்கிறது எல்லா ஊர்லயும் உண்டு. ஆசாரி பேரும் இருக்குதே!" என்றார். பேத்தி அதனை மலாயில் சொல்ல, வழிகாட்டியும் தலையசைத்து மகிழ்ந்தார். பிறகு பாட்டி மெதுவாக எங்களிடம், "வாத்தியாரையா, இந்த மாநிலத்துலதான் பொறந்தேன். இந்த அரமனையை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமையும் சில வேளை வெட்டு இருந்த காலம் அது. அரண்மனை பார்க்க யாருக்கு நேரம் இருந்தது?

அருகிலேயே அரச கல்லறை மண்டபம் உள்ளது. துவாங்கு முகமதுவின் மகன் துவாங்கு அப்துல் ரஹ்மான் அங்கு அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1957இல் நாடு விடுதலை பெற்றபோது முதல் மாமன்னராக அமர்ந்தவர் அவர். 1960 ஏப்ரல் 1ஆம் நாள் மறைந்தார். வழிகாட்டி மாணவர்களிடம் ஒரு வெள்ளி நோட்டு இருக்கிறதா என்று கேட்டார். தின்பண்டம் வாங்கக் கொண்டுவந்த நோட்டுகளை எல்லாரும் எடுத்தனர். "இவர்தான்" என்று நோட்டிலுள்ள முகத்தைச் சுட்டிக் காட்டினார். நாள்தோறும் கையில் புழங்கும் முகம், நம் பக்கத்து ஊர்க்காரருடையது! பாட்டன் அரண்மனை எரிந்தது, தந்தை புதியதைக் கட்டினார், மகன் நாட்டின் மாமன்னரானார். மாணவர்கள் குறிப்பேட்டில் இம்மூன்று தலைமுறையையும் படமாக வரைந்துகொண்டனர்.

திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. கணவாயை விட்டு இறங்கிப் பாரோய் வீடுகள் தென்பட்டதும், அந்தப் பாட்டி சன்னல் கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் கைகாட்டத் தொடங்கினார். அதோ அந்தக் கடை வரிசை இருக்கும் இடத்தில் பால் நிறுக்கும் கொட்டகை இருந்தது. இந்தப் பக்கம் லயன் வீடுகள். விடியுமுன் பிரட்டுக்கு நின்றது அந்த மேட்டில். பிள்ளைகள் இருபுறமும் நெருங்கி வந்து கேட்டனர். லயத்து வீடுகளைக் கட்டிய ஆசாரி யார் என்று பேத்தி கேட்டாள். பாட்டி சிறிது யோசித்து ஒரு பெயரைச் சொன்னார். பக்கத்திலிருந்த மற்றொரு பாட்டி, அவரில்லை, அவருடைய தம்பி என்று மறுத்தார். பேத்தி குறிப்பேட்டில் இரண்டு பெயர்களையும் எழுதிக்கொண்டாள். வண்டி பள்ளி வாசலில் வந்து நின்ற பின்னும் அவர்கள் வாதம் முடியவில்லை.