நாளும் ஒரு கணக்கு: விடியற்கால ஒழுக்கமும் நாட்குறிப்பும்

மானிடப் பிறவி பெறுதற்கு அரியது என்று கோயிலிலும் வீட்டிலும் அடிக்கடி கேட்கின்றோம். ஆயினும் அப்பிறவியின் ஒரு நாள் எவ்வாறு கழிந்தது என்று இரவில் தம்மையே கேட்டுப் பார்ப்போர் மிகச் சிலரே. எமது வண்ணாத்திவில்லுப் பகுதியில் கடை வைத்திருப்பவரிடம் கடன் கொப்பி உண்டு. தென்னந்தோட்டம் உடையவர் எத்தனை தேங்காய் பறித்தோம் என்று எழுதி வைக்கின்றார். மரமுந்திரிகைக் காலத்தில் எத்தனை கிலோ கொடுத்தோம், என்ன விலை போயிற்று என்பதும் எழுத்தில் இருக்கும். ஐம்பது ரூபாய்க்கும் கணக்கு வைக்கும் நாம், வாழ்நாளுக்கு மட்டும் கணக்கு வைப்பதில்லை. அக்கணக்கை வைப்பது எவ்வாறு என்பதைச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நித்திய கருமம்

காலைக் கடமைகள் சைவர்களாகிய எமக்குப் புதியன அல்ல. நல்லூரில் 1822 ஆம் ஆண்டு அவதரித்த ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் பெருமான், தமது சைவ வினாவிடையில் நித்திய கருமவியல் என்று ஒரு பகுதியையே அமைத்தார். சூரியன் உதிக்க ஐந்து நாழிகைக்கு முன் எழ வேண்டும் என்பது அங்கே காணப்படும் விதியாகும். ஒரு நாழிகை 24 நிமிடம்; ஐந்து நாழிகை இரண்டு மணித்தியாலம். ஆகவே எமது ஊரில் அது ஏறக்குறைய அதிகாலை நான்கு மணியாகும். களப்புக்குத் தொழிலுக்குப் போகின்றவர்களுக்கு இந்நேரம் பழகிய நேரமே. அந்நேரத்தில் எழுந்து இறைவனையும் நினைக்கின்றோமா என்பதே கேள்வி.

வைத்தியராயிருந்த துறவி

காலை ஒழுக்கத்தோடு நாட்குறிப்பையும் இணைத்துப் போதித்தவர் சுவாமி சிவானந்தர். இவர் 1887 ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் பிறந்தார். மருத்துவம் கற்று, மலாயாவில் பத்து வருடமளவில் வைத்தியராகப் பணிபுரிந்தார். 1924 இல் ரிஷிகேசத்தில் சந்நியாசம் பெற்று, 1936 இல் தெய்வ நெறிக் கழகத்தை நிறுவினார். 1950 ஆம் ஆண்டு இந்தியா முழுவதும் யாத்திரை செய்தபோது எமது இலங்கைக்கும் எழுந்தருளினார்.

அதிகாலை நான்கு மணிக்கு எழுதல் சுவாமிகள் அருளிய இருபது சாதனை உபதேசங்களில் முதலாவதாகும். இரவில் தன்னைத் தானே ஆராய்ந்து நாட்குறிப்பு எழுதுதலும் அவ்விருபதில் ஒன்று. அவர் வகுத்த நாட்குறிப்பு கதை எழுதும் டயறி அன்று. அது ஓர் அட்டவணை. எத்தனை மணிக்கு எழுந்தாய், எத்தனை மாலை ஜபம் செய்தாய், எவ்வளவு நேரம் மௌனம் காத்தாய், எத்தனை தடவை பொய் சொன்னாய், எத்தனை தடவை கோபித்தாய், அதற்கு உனக்கு நீயே என்ன தண்டனை விதித்தாய் என்றவாறு கேள்விகள் அமைந்திருக்கும். ஆஸ்பத்திரியில் நோயாளியின் கட்டிலில் தொங்கும் அட்டையில் காய்ச்சலைக் குறிப்பது போன்றது இது. காய்ச்சலைக் குறிப்பவர் நோயாளியை ஏசுவதில்லை. உள்ளதை உள்ளபடி எழுதுகின்றார். அதனால் மருந்து இன்னதென்று தெரிகின்றது.

இம்முறைக்கு உதாரணமாகச் சுவாமிகள் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்ளினை (1706 - 1790) எடுத்துக் காட்டினார். பிராங்ளின் பதின்மூன்று நற்குணங்களைச் சிறு கொப்பியில் எழுதி, கிழமைக்கு ஒரு குணத்தைக் கவனத்தில் எடுத்து, தவறிய நாளில் கறுப்புப் புள்ளி இட்டு வந்தார். தாம் நினைத்ததை விடத் தம்மிடம் குற்றங்கள் அதிகம் என்று கண்டு வியந்ததாக அவரே எழுதியுள்ளார்.

அடியேன் கண்டது

இதனை எழுதும் அடியேனும் ஒரு சி.ஆர். கொப்பியில் இவ்வாறு எழுதத் தொடங்கினேன். நான் கோபக்காரன் அல்லன் என்பதே என் எண்ணம். முதல் இரண்டு கிழமை முடிவில் பார்த்தபோது, பதினான்கு நாளில் ஒன்பது நாள் கோபம் என்ற இடத்தில் புள்ளி இருந்தது. ஒன்பதும் காலையிலே, பூசையறையை விட்டு வெளியே வந்து அரை மணித்தியாலத்துக்குள், ஒரே பிள்ளையின் மீது. பாடசாலைக்குப் பிந்துகின்றான் என்பதற்காக. பூசை மணி ஓய்ந்ததும் அப்பிள்ளை பின்வாசலால் முற்றத்துக்குப் போய்விடுவதை அதன் பின்னரே கவனித்தேன். என் வழிபாட்டின் முடிவு அவனுக்குப் பயத்தின் தொடக்கமாக இருந்திருக்கின்றது. அன்றிலிருந்து இரவிலேயே அவனுடன் இருந்து புத்தகங்களையும் சப்பாத்தையும் எடுத்து வைக்கின்றேன். புள்ளிகள் குறைந்துள்ளன, அற்றுப் போகவில்லை. ஆனால் இப்போது தீபாராதனைக்கு அவன் பக்கத்தில் வந்து நிற்கின்றான்.

செய்யும் முறை

ஒரு கொப்பியும் பேனையும் போதும். காலையில் எழுந்து, நீராடி, திருநீறு அணிந்து, திருவைந்தெழுத்தைச் செபித்த பின் அன்று செய்ய வேண்டிய ஒரு நன்மையை ஒரே வரியில் எழுதுக. இரவில் படுக்குமுன் ஐந்து கேள்விகளுக்கு விடை எழுதுக.

1. எத்தனை மணிக்கு எழுந்தேன்?
2. எவ்வளவு நேரம் இறைவனை நினைந்தேன்?
3. யாரைக் கோபித்தேன், எப்போது?
4. பொய் சொன்னேனா?
5. காலையில் எழுதிய நன்மையைச் செய்தேனா?

நான்கு மணிக்கு எழ இயலாதவர் வழமையிலும் கால் மணித்தியாலம் முந்தி எழட்டும். இரவுத் தொழிலுக்குப் போவோர் தாம் துயிலெழும் நேரத்தையே காலையாகக் கொள்ளலாம். ஒரு நாள் எழுதத் தவறினால் மறுநாள் தொடர்க. பிறர் பார்ப்பதற்காக எழுத வேண்டாம். பார்ப்பார் என்று நினைத்தால் உண்மை எழுத வராது. பழைய தவறுகளையே எண்ணி மனம் வருந்திக் கொண்டிருத்தல் ஆகாது என்பதும் சுவாமிகளின் உபதேசமே. கணக்குப் பார்ப்பது அழுவதற்கன்று, திருத்துவதற்கே.

கோயிலில் விழுந்து வணங்கும்போது எமது குற்றங்களைப் பொறுத்தருள வேண்டும் என்று அம்பாளிடம் இரக்கின்றோம். எந்தக் குற்றம் என்று அறிந்து இரப்பது நன்றல்லவா? அந்த அறிவை எமது அன்னை எமக்கும் எமது பிள்ளைகளுக்கும் அருள்வாளாக.