சங்கராபரணமும் மேஜர் ஸ்கேலும்

முத்துசுவாமி தீட்சிதர் தம் முதற் கீர்த்தனையை மாயாமாளவகௌளையில் பாடியது நம் தணிகை மலையில் என்பது மரபு. அவரே, பேண்டு வாத்தியத்தின் ஐரோப்பிய மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியமும் அமைத்தார். நோட்டுஸ்வரங்கள் எனப்படும் அவை யாவும் சங்கராபரணம்; மேனாட்டார் கூறும் ‘மேஜர் ஸ்கேல்’ அதுவே.

ஆர்மோனியத்தில் ஒன்றாம் கட்டையைச் ‘ச’ எனக் கொண்டால் ஏழு ஸ்வரங்களும் வெள்ளைக் கட்டைகளே. கறுப்பையும் சேர்த்து எண்ணினால் இடைவெளி 2, 2, 1, 2, 2, 2, 1. இனி அந்தப் பஞ்சமத்தையே ‘ச’ ஆக்கி, வெள்ளைகளை மட்டும் வாசியுங்கள். அரிகாம்போதி வந்துவிடும்! நிஷாதம் அரைப்படி குறைந்துவிட்டது. முன்பு ‘ம’வாக இருந்த வெள்ளைக்குப் பதில் அதன் வலப்பக்கக் கறுப்பைத் தொட்டால் சங்கராபரணம் மீளும். இத்திருத்தத்தை ஸ்வரந்தோறும் எழுதாமல், ஐங்கோட்டின் தொடக்கத்தில் ஒரு ‘ஷார்ப்’ குறியாக இடுவதே ‘கீ சிக்னேச்சர்’. மத்திமத்தை ‘ச’ ஆக்கினாலோ கல்யாணி வரும். அதற்கு, பழைய நிஷாதத்தைக் குறைத்து ஒரு ‘பிளாட்’.

நமக்கு இக்குறி வேண்டியதில்லை. சுருதி மாறினால் நம் ஸ்வரப் பெயர்களும் உடன் நகரும். அவர்களுடைய எழுத்துகளோ கட்டையோடு ஒட்டியவை. ஆகவே குறிகளை நெட்டுருப் போடுவதை நான் ஒப்பேன்; இரு ராகங்களையும் காதால் கேட்டறிவதே வழி.

மாயாமாளவகௌளையில் ரி, த இரண்டும் சங்கராபரணத்தைவிட அரைப்படி தாழ்ந்தவை. எந்த மேஜர் குறியிலும் அது அடங்காது.